விரலுக்குத் தெரியாத பிசிறு

மார்ச் 3, திங்கள்

பேரிங் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி. வழக்கமாக என் மனைவி தெய்வானை இதை எடுத்துக்கொண்டு கோலம் வரைந்து பழகுவாள். ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் புள்ளிக்கோலம்தான். மார்ச்சிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். ஒரு புது வேலை வந்திருக்கிறது. என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று எழுதி வைத்தால் பின்னால் உதவும்.

வந்தது ஒரு பெங்களூர்க் கம்பெனியிலிருந்து. ஆஸ்பத்திரிக் கருவி ஒன்றுக்குள்ளே போகும் சின்ன எவர்சில்வர் பீஸ், எஸ்.எஸ். என்போம். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. மேல் பக்கம் ஒரு குழி, கீழ்ப் பக்கம் ஒரு குழி, நடுவில் மிஞ்சுவது நகத்தின் கனத்துக்கு ஒரு தகடு. அந்தத் தகட்டின் கனம் எங்கே அளந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். இருபது மைக்ரானுக்கு மேல் மாறக் கூடாது. தலைமுடியை நாலாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு.

கூட்டாளி சகாயம் படத்தைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தான். அவன் முழுப்பெயர் தேவசகாயம். வெளி வேலை அவனுடையது, மெஷின் என்னுடையது. கணபதி ஏரியாவில் இந்தக் கம்பெனியை நாங்கள் ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான். ஸ்பின்னிங் மில் வேலைகள் வற்றிப்போய், வாரத்தில் பாதி நாள் மெஷின் சும்மா நிற்கிறது. இந்த ஆர்டர் நிலைக்காவிட்டால் ஒரு மெஷினைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றான். அப்படியானால் ஆபரேட்டர் ரேணுகாவையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஏப்ரல் கடைசியில் பெங்களூரிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள்.

இந்த நாச்சிமுத்து இருக்கும்போது என்ன கவலை என்றேன்.

மார்ச் 5, புதன்

பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டுவதற்கு மெஷின் இருக்கிறது, அது சொன்னபடி கேட்கும். பீஸ் அசையாமல், சாயாமல், நசுங்காமல் உட்கார வேண்டுமே, அதை யார் செய்வது?

முதல் பக்கத்துக்குச் சிரமமில்லை. சதுர எஃகுக் கட்டையை வைஸ் இடுக்கியில் பிடித்து மேலே குழியும் சுற்றளவும் வெட்டிக்கொள்ளலாம். அடியில் பிடித்த பாகம் கட்டையாகவே இருக்கும். இனி அதைக் கவிழ்த்து, கட்டையைச் சீவி எடுத்து, இரண்டாவது குழியை வெட்ட வேண்டும். கவிழ்த்தபின் எங்கே பிடிப்பது? அதற்குத்தான் சாஃப்ட் ஜா. வைஸின் தாடையில் மெத்தென்ற அலுமினியத்தை மாட்டி, பீஸின் உருவத்தையே அதில் பள்ளமாக வெட்டிவிட்டேன். தொட்டிலில் குழந்தை மாதிரி உட்காருகிறது.

ஒரே எதிரி பிசிறு. வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். அதோடு கவிழ்த்து வைத்தால் பீஸ் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். தூக்கிய பக்கம் தகடு மெலிந்துபோகும்.

அதற்கு மருந்து என் கட்டைவிரல். மெஷின் கதவில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்து எத்தனையோ வருஷமாகிறது: 'நாச்சிமுத்து விரல் வைக்காமல் ஜா மூடக் கூடாது.' சகாயம் அதைக் கல்வெட்டு என்று கேலி செய்வான். விரலுக்குத் தெரியாத பிசிறு என்று ஒன்று கிடையாது.

மார்ச் 8, சனி

முதல் சோதனை பீஸ்கள் எல்லாம் அளவுக்குள். சகாயம் ஜிலேபி வாங்கி வந்தான். தெய்வானை பக்கத்தில் இல்லாததால் நிம்மதியாகச் சாப்பிட்டேன். சர்க்கரை மாத்திரை தீர்ந்து கொஞ்ச நாளாகிறது. மருந்துக்கடைப் பக்கம் போகும்போது வாங்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

டீக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். ஒற்றைச் செருப்போடு வந்தவனைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் சிரித்தார். வேலை நினைப்பு.

மார்ச் 14, வெள்ளி

ரேணுகாவோடு சத்தம்.

அவளும் நல்ல ஆபரேட்டர்தான். ஆனால் கொஞ்ச நாளாகவே ஒரு கெட்ட பழக்கம். முதல் பக்கம் முடிந்ததும் விளிம்பை அரத்தால் தேய்த்து என்னிடம் கொடுப்பாள். நான் விரல் வைத்துப் பார்த்து, சரி என்று தருவேன். வாங்கியவள் ஜாவில் வைக்க வேண்டியதுதானே? திரும்பிக்கொண்டு மறுபடி ஒரு தேய்ப்பு, துணியால் ஒரு துடைப்பு, லென்ஸில் ஒரு பார்வை. ஒவ்வொரு பீஸுக்கும். நேரம் போகிறது.

நான் பார்த்ததைத் திரும்பப் பார்ப்பதென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“சும்மா ஒருக்கா பாக்கறதுதாங்ணா. பழக்கமாயிருச்சுங்” என்றாள்.

பழக்கமாம். கோபம் வந்தது. அப்படியே எழுதுகிறேன், ரொம்பக் கோபம் வந்தது.

மார்ச் 17, திங்கள்

ரேணுகாவை டிரில்லிங் மெஷினுக்கு மாற்றிவிட்டேன். விளிம்பு தேய்ப்பதை மட்டும் அவள் செய்து கொடுத்தால் போதும். கவிழ்த்துப் பிடிப்பதும் இரண்டாம் பக்கமும் இனி நானே. அவள் கதவில் எழுதியிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

வேலை இன்று வேகமாக ஓடியது.

மார்ச் 19, புதன்

தகட்டில் கனம் மாறுகிறது. சில பீஸில் ஒரு மூலை மெலிசு. வைஸில்தான் ஏதோ கோளாறு.

மார்ச் 21, வெள்ளி

வைஸைக் கழற்றி அடியைத் துடைத்து, கோணல் காட்டும் டயல் வைத்து நேர் பார்த்து மாட்டினேன். முள் அசையவே இல்லை. ஆனாலும் கோணல் வருகிறது.

மார்ச் 24, திங்கள்

சாஃப்ட் ஜாவைப் புதிதாக வெட்டினேன். காலையில் நன்றாக வந்தது, மத்தியானத்துக்கு மேல் கெட்டது. வெயில்தான். தகரக்கூரை கொதிக்கும்போது இரும்பு விரியாமல் என்ன செய்யும்? சகாயத்திடம் சொன்னேன். இந்தக் கூரைக்குக் கீழேதானே இத்தனை வருஷம் வேலை செய்தோம் என்றான். வெளி வேலைக்காரனுக்கு இதெல்லாம் புரியாது.

டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. டம்ளரைத் துண்டில் சுற்றிப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தான் சகாயம். நான் வெறுங்கையில் பிடித்து முடித்துவிட்டு எழுந்துவிட்டேன். மில் வேலை பார்த்த கை.

மார்ச் 27, வியாழன்

வெட்டும் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் மாற்றினேன். பிடிக்கும் இறுக்கத்தைக் குறைத்தேன். கூட்டினேன். நாலு பீஸ் செய்தால் ஒன்று குப்பை.

மார்ச் 29, சனி

யோசித்துப் பார்த்தேன். வைஸ் சரி, ஜா சரி, அளவு சரி. மிச்சம் என்ன? விளிம்பு. விளிம்பைத் தேய்ப்பது யார்? ரேணுகா. டிரில்லிங்குக்கு மாற்றிய கோபத்தில் அரைகுறையாகத் தேய்த்துத் தருகிறாள்.

சகாயத்தை வைத்துக்கொண்டே கேட்டேன். முன்பு எப்படித் தேய்த்தேனோ அப்படியேதான் இப்போதும் தேய்க்கிறேன் என்றாள். முன்பு நன்றாக வந்தது, இப்போது வரவில்லை, அது எப்படி என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு சகாயத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் அதைக்கூடச் சொல்லவில்லை.

இந்த வேலை முடியும்வரை அவள் வர வேண்டாம், நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன் என்று சகாயத்திடம் சொன்னேன். அவனுக்கு மனசில்லை. ஆனால் மெஷின் விஷயத்தில் என் பேச்சுக்கு மேல் அவன் பேசியதில்லை. ரேணுகா டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, போய்ட்டு வரனுங்க என்று சொல்லி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

இப்போது தேய்ப்பதும் நான், பார்ப்பதும் நான், பிடிப்பதும் நான். பாதிக்குப் பாதி குப்பை. பீஸ் அறுக்கும் எஸ்.எஸ். பாரில் கலப்படம் இருக்கலாம். வேறு கடையில் வாங்கச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

வேறு கடை பாரும் இதே கதைதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். தெய்வானையோடு மருதமலை. உச்சி வெயில், கல்தரை தோசைக்கல்லாகக் கிடந்தது. சனம் முழுக்கக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு நிழல் ஓடுகிறது. தெய்வானை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டாள். நான் மட்டும் கையைக் கூப்பியபடி நிதானமாகச் சுற்றி வந்தேன். பக்தி இருந்தால் சுடாது என்று அவளைச் சீண்டினேன்.

“எங்களுக்கில்லாத பக்தி உங்களுக்கு எப்பருந்துங்க?” என்றாள்.

முருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அந்தத் தகடு.

ஏப்ரல் 12, சனி

உள்ளங்காலில் கொப்புளம். தெய்வானைதான் பார்த்துச் சொன்னாள். புதுச் செருப்பு கடித்திருக்கும். டாக்டரிடம் போகலாம் என்று நச்சரிக்கிறாள். பெங்களூர் ஆள் வருவதற்குள் இன்னும் எத்தனை வேலை கிடக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

இதை எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் தண்ணீர் குடித்துவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்தேன். மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கிய தெய்வானை அப்படியே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து அடுப்படி வரை, அடுப்படியிலிருந்து நாற்காலி வரை, தரையில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. பூனை எதையோ கடித்து இழுத்து வந்திருக்கிறது பார் என்றேன். அவள் பதில் சொல்லாமல் திட்டுகளின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்து என் நாற்காலியில் முடித்தாள்.

“காலைத் தூக்குங்க” என்றாள்.

மெஷின் வெட்டித் தள்ளும் எஃகுச் சுருள் ஒன்று, விரல் நீளத்துக்கு, செருப்பைத் துளைத்துக்கொண்டு வந்து குதிகாலில் நின்றிருந்தது. கம்பெனியில் ஏறியதா, வழியில் ஏறியதா, தெரியாது. எனக்கு வலிக்கவே இல்லை. தெய்வானைதான் அழுதாள்.

டாக்டரம்மா காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் இழை ஒன்றால் காலைத் தொடுவாராம், தொடும்போதெல்லாம் நான் சொல்ல வேண்டுமாம். மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரமாகவே, எப்ப ஆரம்பிப்பீங்கம்மா என்று கேட்டேன்.

“முடிச்சுட்டேன்ங்க” என்றார்.

சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது. முதலில் கால், அப்புறம் கை என்றார். கையையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காலை ஆட்டக் கூடாது என்று தெய்வானை வீட்டில் படுக்கவைத்துவிட்டாள். நாளெல்லாம் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க எப்போதும்போலத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. சகாயம் கோவிலுக்குப் போயிருப்பான், கம்பெனி பூட்டு. தெய்வானையிடம் பூ வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போய்த் திறந்தேன்.

முதல் பக்கம் முடிந்த பீஸ்களை ஒரு தட்டில் கொட்டினேன். பாதி தேய்த்தது, பாதி தேய்க்காதது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலை ஓட்டினேன். பிசிறு இருப்பது இடது கைப்பக்கம், இல்லாதது வலது கைப்பக்கம். முப்பது வருஷமாகச் செய்வதுதான். அவசரமே படவில்லை.

கண்ணைத் திறந்து லென்ஸில் பார்த்தேன். இரண்டு குவியலிலும் கலந்து கிடந்தது. எதையும் நான் பிரித்திருக்கவில்லை. வலது குவியலில் ஒரு பீஸின் விளிம்பு ரம்பம் மாதிரி நின்றது. அதை அழுத்தி ஓட்டினேன். விரலில் ரத்தம் வந்தது. வருவதைக் கண்தான் சொன்னது.

வைஸ், ஜா, வெயில், கூலன்ட், பார், ரேணுகா. எல்லாரையும் கேட்டேன், என்னைத் தவிர.

கம்பெனிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போகும்போது பூ வாங்க மறந்துவிட்டேன். தெய்வானை கேட்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

சரவணம்பட்டியில் ரேணுகா வீட்டுக்குப் போனேன். பையனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். காலில் கட்டைப் பார்த்தாள். நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கையை மட்டும் நீட்டினேன். கட்டைவிரலில் பிளாஸ்திரி.

“தெரிஞ்சுபோச்சுங்களாண்ணா?” என்றாள்.

அவளுக்குத் தீபாவளியிலிருந்தே தெரியுமாம். நான் சரி என்று கொடுத்த பீஸ் ஒன்றில் ரத்தம் ஒட்டியிருந்ததாம். நான் என் பாட்டுக்கு அடுத்ததை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தேனாம். அன்றிலிருந்து நான் கொடுத்ததையெல்லாம் அவள் திரும்பத் தேய்த்திருக்கிறாள். இத்தனை மாதம் என் பெயரில் அளவுக்குள் போன பீஸ் எல்லாம் அவள் விரலில் தேறியது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நல்ல பதிலாக, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதாங்ணா என்கிற மாதிரி ஒன்றை எதிர்பார்த்தேன்.

“சொல்லியிருந்தா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க” என்றாள். “சொல்லாமயும் அனுப்பிட்டீங்க.”

திங்கட்கிழமை வா என்றேன்.

“வரனுங்க. ஆனா சகாயண்ணங்கிட்ட நீங்களே சொல்லிரோணும். அவரு முன்னாலதான் என்னைக் கேட்டீங்க. பிசிறு என்னோடதில்லைன்னு அவருகிட்டயே சொல்லோணும்.”

சரி என்றேன். காபி கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

புது ஜா வெட்டினேன். இதை விவரமாக எழுத வேண்டும்.

பழைய ஜாவில் பள்ளத்தின் தரை முழுக்கத் தட்டை. பீஸின் விளிம்பு முழுக்க அதில் உட்காரும். எங்கே பிசிறு இருந்தாலும் தூக்கிவிடும். அதனால்தான் விரல் தேவைப்பட்டது. இப்போது தரையை இன்னும் ஆழமாக வெட்டிவிட்டு மூன்றே மூன்று திட்டு மட்டும் விட்டேன். விளிம்பின் நடு அகலத்தில் அந்த மூன்றும் தொடும். வெளி ஓரம், உள் ஓரம் இரண்டும் காற்றில் நிற்கும். பிசிறு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது நிற்க இடம் விட்டாயிற்று. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, இதுவும் ஆடாது. பிறகு காற்றடித்து, இறுக்கி, மேலே டயல் வைத்துப் பார்த்தால் உட்கார்ந்ததா இல்லையா என்று முள் சொல்லும். விரலே வேண்டாம்.

விரல் நன்றாக இருந்திருந்தால் இதை யோசித்தே இருக்க மாட்டேன். நாள் முழுக்க ஓடியதில் ஒரு பீஸ்கூடக் குப்பை இல்லை.

சகாயத்திடம் பேச நேரம் வாய்க்கவில்லை. ரேணுகா காலையிலேயே வந்தாள். கேட்டிலேயே நின்று, சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். அப்படியே திரும்பி, வந்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜா சரியாகிவிட்டது. இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்றுகூட நேற்று படுக்கையில் தோன்றியது. பீஸ் எல்லாம் அளவுக்குள். காரணம் பழைய ஜா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சகாயம் நம்பிவிடுவான். மெஷின் விஷயத்தில் நான் சொன்னதை அவன் நம்பாமல் இருந்ததே இல்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

டீக்கடையில் வைத்துச் சொன்னேன். கால், கை, ரேணுகா தேய்த்தது, நான் அவளை அனுப்பியது எல்லாம். பிசிறு அவளுடையது இல்லை, என்னுடையது என்றேன்.

சகாயம் கையை நீட்டி, என் கையிலிருந்த டம்ளரை வாங்கி பெஞ்சில் வைத்தான்.

“சூடா இருக்குது. ஆறட்டும்” என்றான்.

போனை எடுத்து ரேணுகாவைக் கூப்பிட்டு என்னிடம் கொடுத்தான்.

ஏப்ரல் 23, புதன்

ரேணுகா வந்துவிட்டாள். முதல் வேலையாகப் புது ஜாவைப் பார்த்தாள், திட்டு மூன்றையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றின் ஓரத்தில் பிசிறு இருக்குதுங்ணா என்றாள். இருந்தது. தேய்த்தாள்.

ஏப்ரல் 28, திங்கள்

பெங்களூர் ஆள் வந்தார். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர். பெட்டியிலிருந்து கைக்கு வந்த பீஸை எல்லாம் எடுத்துத் தகட்டை நாலு மூலையிலும் அளந்தார். ஒரு பீஸில்கூட வித்தியாசம் பத்து மைக்ரானைத் தாண்டவில்லை.

அப்புறம் மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார். கதவில் சிவப்பு எழுத்தைக் காட்டி, இந்த நாச்சிமுத்து யார், அவர் விரலைப் பார்க்கலாமா என்று சிரித்தார். எத்தனை பேர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள், எத்தனை முறை கட்டைவிரலைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். சகாயம் தரையைப் பார்த்தான்.

“அது பழைய எழுத்துங்க. இப்ப பாக்கறது அவங்க” என்று ரேணுகாவைக் காட்டினேன்.

அவர் ரேணுகாவிடமே மற்ற கேள்விகளைக் கேட்டார். அவள் டயல் முள்ளைக் காட்டி, திட்டு மூன்றையும் காட்டிப் பதில் சொன்னாள். யார் யோசனை என்று கேட்டபோது அண்ணனோடது என்றாள்.

ஆர்டர் எங்களுக்குத்தான். அவர் கார் ஏறியதும் தின்னர் பாட்டிலையும் பனியன் துணியையும் எடுத்துக்கொண்டு கதவண்டை போனேன். என் பெயரைத் துடைத்தேன். லேசில் போகவில்லை. மிச்சத்தை அழிக்க வேண்டாம் என்று ரேணுகா சொல்லிவிட்டாள். இப்போது 'விரல் வைக்காமல் ஜா மூடக் கூடாது' என்று மட்டும் நிற்கிறது.

மே 1, வியாழன்

மே தினம், விடுமுறை. டைரியைத் தெய்வானை திருப்பிக் கேட்கிறாள். இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்றால், இந்த மாதிரித் தாள் வராதாம். இன்றோடு கொடுத்துவிடுகிறேன்.

டாக்டரம்மா சொன்னபடி தினமும் காலைப் பார்க்க வேண்டும். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன், நீங்க பாத்த லட்சணம் தெரியும் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலமானால் வாசல் பக்கம் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்து, காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மேல் பக்கம் பார்க்கிறாள், பிறகு திருப்பி உள்ளங்கால் பார்க்கிறாள். விரலிடுக்கு ஒன்றுகூட விடுவதில்லை. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்குத்தான் கூச்சம். அவள் பிடித்திருப்பது எனக்குத் தெரிவதில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

இன்று இரண்டு பக்கமும் பார்த்து முடித்தபின் கேட்டேன், பிசிறு ஏதாவது இருக்கா என்று.

“பேசாம அசையாம இருங்க, இன்னும் பாத்து முடிக்கல” என்றாள். முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.